கைதட்டலுக்கு வெளியே நின்ற பெர்ரி வாலஸ்

2004 பிப்ரவரி 21. அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கில் கூடியிருந்த ரசிகர்கள் கைதட்டுகிறார்கள். 25 என்ற எண் பொறித்த ஜெர்சிக்கு அன்று ஓய்வு அளிக்கப்படுகிறது. இனி அந்த எண்ணை அந்தக் கல்லூரி அணியில் வேறு யாரும் அணிய மாட்டார்கள். அந்த எண்ணுக்குரியவர் பெர்ரி வாலஸ். அவர் அந்த அரங்கில் கடைசியாக ஆடி 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து வெறும் விளையாட்டு இல்லை. நம் ஊரில் ஜல்லிக்கட்டுக் காளையையும் கபடி வீரரையும் பேர் சொல்லி நினைவு வைத்திருப்பதுபோல, அங்கே நான்கு ஆண்டு மட்டும் ஆடிவிட்டுப் போன மாணவரைக்கூட ரசிகர்கள் ஐம்பது ஆண்டு கழித்தும் பேசுவார்கள். எந்த ஆட்டத்தில் எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். வாலஸைப் பற்றியும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆறடி ஐந்து அங்குலம் உயரம். நின்ற இடத்திலிருந்து எகிறினால் வளையத்துக்கு மேலே கை நிற்கும். கடைசி ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 17.7 புள்ளி, 13.5 ரீபவுண்ட்.

இந்தக் கணக்குகள் எல்லாம் சரிதான். ஆனால் வாலஸே தன் கல்லூரிக் காலத்தை நினைத்தபோது முதலில் சொன்னவை இந்தக் கணக்குகள் இல்லை. ரசிகரின் நினைவுக்கும் ஆடியவரின் நினைவுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் இந்த வாரம் நாம் பேச வேண்டியிருக்கிறது.

‘மிஸ்டர்’ என்ற ஒரு சொல்

1948இல் நாஷ்விலில் பிறந்தவர் வாலஸ். தந்தை செங்கல் வேலை செய்தவர். தாய் துப்புரவு வேலைக்குப் போனவர். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பேர்ல் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். படிப்பில் பள்ளிக்கே முதல் மாணவர். 1966இல் டென்னசி மாநிலப் பள்ளிகளுக்கான கூடைப்பந்துப் போட்டியில் வெள்ளையர் பள்ளிகளும் கறுப்பினத்தவர் பள்ளிகளும் முதன்முறையாகச் சேர்ந்து ஆடின. அந்த முதல் போட்டியிலேயே பேர்ல் பள்ளி கோப்பையை வென்றது. அந்த ஆண்டு அந்த அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

பல கல்லூரிகள் அவரைக் கேட்டு வந்தன. அவர் வாண்டர்பில்ட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்களில் ஒன்று அதன் பொறியியல் படிப்பு. இன்னொன்றைக் கேட்டால் நம் மக்களுக்கு உடனே புரியும். பயிற்சியாளர் ராய் ஸ்கின்னர் வீடு தேடி வந்தபோது அவருடைய பெற்றோரை ‘மிஸ்டர் வாலஸ்’, ‘மிசஸ் வாலஸ்’ என்று அழைத்தார். அந்தக் காலத்துத் தென்மாநிலங்களில் வெள்ளையர் ஒருவர் வயதான கறுப்பினத்தவரை அப்படி அழைப்பது வழக்கத்தில் இல்லை. பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் ‘பாய்’ என்பார்கள். எழுபது வயதுத் தாத்தாவை ஊர்த்தெருச் சிறுவன் ‘என்னடா’ என்று கூப்பிடக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த ‘மிஸ்டர்’ என்ற சொல்லின் எடை தெரியும்.

வாண்டர்பில்ட் அப்போது எப்படிப்பட்ட இடம் என்பதையும் சொல்ல வேண்டும். 1960இல் நாஷ்வில் நகரக் கடைகளில் வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய இடங்களில் கறுப்பின மாணவர்கள் போய் அமர்ந்து போராடினார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பயிற்சி அளித்த ஜேம்ஸ் லாசன், வாண்டர்பில்ட்டில் இறையியல் படித்துக்கொண்டிருந்தவர். பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. இந்த லாசன் அதற்குமுன் 1953 முதல் மூன்றாண்டுகள் நம் நாட்டின் நாக்பூரில், ஹிஸ்லாப் கல்லூரியில் மாணவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி அளித்தவர். 1956இல் அண்ணல் அம்பேத்கர் பல லட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினாரே, அதே நாக்பூர். லாசன் வெளியேற்றப்பட்டபோது வாலஸுக்கு வயது 12. ஆறே ஆண்டில் அதே பல்கலைக்கழகம் அவரைக் கூடைப்பந்து ஆட அழைத்தது.

இரண்டு பேரின் கைகள்

தென்மாநிலப் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் போட்டித்தொடருக்கு சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்று பெயர். சுருக்கமாக எஸ்.இ.சி. 1966 வரை அதன் கூடைப்பந்து அணிகளில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. அந்த ஆண்டு வாண்டர்பில்ட்டில் இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் வாலஸ். இன்னொருவர் டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த காட்ஃப்ரி டில்லார்ட்.

அன்றைய விதிப்படி முதலாமாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது. அவர்களுக்குத் தனி அணி, தனி ஆட்டங்கள். 1967இல் அந்த அணி மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டார்க்வில் ஊருக்குப் போனது. கூட்டம் முழுவதும் வசைமொழி. கொன்றுவிடுவோம் என்ற கூச்சல். இடைவேளையில் உடைமாற்றும் அறையில் வாலஸும் டில்லார்டும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பயத்தில் இருவர் கைகளும் சில்லிட்டிருந்தன என்று பின்னாளில் வாலஸ் சொன்னார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். பிறகு எழுந்து போய் மீதி ஆட்டத்தை ஆடினார்கள்.

1967 டிசம்பரில் வாலஸ் முதன்மை அணியில் இறங்கினார். எஸ்.இ.சி. வரலாற்றில் முதன்மை அணிக்காக ஆடிய முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரர் அவர்தான். அப்போது டில்லார்ட் அவரோடு இல்லை. முழங்காலில் காயம்பட்டு அந்த ஆண்டு முழுக்க வெளியே உட்கார்ந்தார். மறுஆண்டு அவருக்கு முதன்மை அணியில் இடம் கிடைக்கவில்லை. வேறு கல்லூரிக்கு மாறிப் போனார். அறையில் பிடித்துக்கொள்ள இருந்த ஒரு கையும் போய்விட்டது.

1968இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒரு கறுப்பின மாணவர் சேர்ந்ததற்காகக் கலவரம் வெடித்து இரண்டு பேர் உயிரிழந்த வளாகம் அது. ஆட்டத்தின் முதல் பாதியில் வாலஸின் கண்ணருகே பலத்த அடி விழுந்தது. நடுவர் விசில் ஊதவில்லை. ரத்தம் வழிய அவர் வெளியேறியபோது அரங்கம் ஆரவாரம் செய்தது.

இடைவேளையில் அவருக்குச் சிகிச்சை நடந்தது. அதற்குள் சக வீரர்கள் எல்லோரும் ஆடுகளத்துக்குத் திரும்பிவிட்டார்கள். வாலஸ் உடைமாற்றும் அறையின் கதவருகே தனியே நின்றார். வெளியே போனால் அத்தனை கூட்டத்தையும் தனியாகக் கடக்க வேண்டும். கடந்தார். ஆடினார். வாண்டர்பில்ட் வென்றது.

எதிரிக் கூட்டத்தின் வசையைவிட, கூட வந்தவர்கள் ஒருவரும் தனக்காகக் காத்திருக்காததுதான் அன்று தன்னை அதிகம் உலுக்கியது என்று அவர் பிற்பாடு சொன்னார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர் நிலை என்ன என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நம் அனுபவத்திலும் பெரும்பாலான காயம் இப்படித்தான் ஏற்படுகிறது.

அரங்கில் ஆரவாரம், தேவாலயத்தில் தடை

வெளியூரில் வசை. சரி, சொந்த வளாகத்தில்? அங்கே வாலஸ் பந்தைப் பிடித்தால் பல்லாயிரம் பேர் கத்துவார்கள். மறுநாள் காலை வகுப்புக்குப் போகும் வழியில் எதிர்ப்படும் அதே மாணவர்களில் பலர் அவரைப் பார்க்காததுபோல் போவார்கள். ஆட்டக்காரராக அவர் எல்லோருக்கும் வேண்டும். மனிதராக அவர் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

முதலாம் ஆண்டிலேயே இன்னொன்றும் நடந்தது. வளாகத்துக்கு எதிரே இருந்த தேவாலயத்துக்கு அவர் ஞாயிறுதோறும் போய்வந்தார். ஒரு நாள் அந்தச் சபையின் மூப்பர்கள் அவரைத் தனியே அழைத்தார்கள். நீ தொடர்ந்து வந்தால் சில உறுப்பினர்கள் தங்கள் உயிலிலிருந்து இந்தச் சபையின் பெயரை நீக்கிவிடுவார்கள், அதனால் இனி வராதே என்றார்கள். வாலஸ் பேசாமல் வெளியே வந்தார். கோயில் வாசலிலும் கல்லறைத் தோட்டத்திலும் தனிச் சுவர் பார்த்த மக்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

வாலஸ் மட்டும் இந்தத் தனிமையை அனுபவிக்கவில்லை. பக்கத்து அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில், உதவித்தொகையோடு கூடைப்பந்து ஆடச் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் ஹென்றி ஹாரிஸ். 1972 வரை அங்கே ஆடினார். 1974இல் மில்வாக்கி நகரில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 24. முதலாவதாக உள்ளே போனவர்களின் கதையில் வென்றவரை மட்டுமே நாம் நினைவு வைக்கிறோம். காயம்பட்டு விலகிய டில்லார்டையும் திரும்பி வராத ஹாரிஸையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக் கதை. ரோஹித் வெமுலாவை இழந்த நாடு இது. இங்கே இதைச் சொல்லாமல் வாலஸின் புகழை மட்டும் பாடினால் அது பாதிப் பொய்யாகிவிடும்.

விதியை மீறிய ஒரு பந்து

1970 மார்ச். சொந்த அரங்கில் வாலஸின் கடைசி ஆட்டம். எதிரணி மிசிசிப்பி ஸ்டேட். பயத்தில் கை சில்லிட்டிருந்த அதே ஊரின் அணி. வாலஸ் அப்போது வாண்டர்பில்ட் அணித்தலைவர். அன்று அவர் எடுத்தது 27 ரீபவுண்ட்.

பந்தை எகிறிப் பிடித்து வளையத்துக்கு மேலிருந்து கையாலேயே உள்ளே அழுத்துவதை ‘டங்க்’ என்பார்கள். இன்று கூடைப்பந்தின் அழகே அதுதான். ஆனால் அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் 1967 முதல் சுமார் பத்து ஆண்டுகள் அதற்குத் தடை இருந்தது. கறுப்பின வீரர்களின் உயரத்துக்கும் துள்ளலுக்கும் கடிவாளம் போடவே அந்த விதி வந்தது என்று அப்போதே பேச்சு எழுந்தது. வாலஸின் மிகப் பெரிய ஆயுதம் டங்க்தான். அதைக் கட்டிப்போட்டுவிட்டு, எட்ட நின்று குறிபார்த்து எறியும் ஆட்டத்தை அவர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

அந்தக் கடைசி ஆட்டத்தில் கடைசியாகப் பந்து கைக்கு வந்தபோது அவர் எகிறி டங்க் அடித்தார். விதிப்படி அது செல்லாது. நடுவர்கள் புள்ளி கொடுத்தார்கள். அரங்கம் அதிர்ந்தது. நாஷ்விலின் மூத்த ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழும் காட்சி இது.

ரசிகர்கள் அவ்வளவாகச் சொல்லாத காட்சி அதன்பின் நடந்தது. அந்த ஆட்டம் முடிந்த கையோடு உள்ளூர் நாளிதழான ‘டென்னசியன்’ செய்தியாளரிடம் வாலஸ் தன் நான்கு ஆண்டுகளைப் பற்றிப் பேசினார். தனிமையை, புறக்கணிப்பை, தேவாலயத்தை, தன்னைக் கண்டும் காணாமல் போனவர்களை. கோபமாகப் பேசவில்லை. அமைதியாக, நடந்ததை நடந்தபடி சொன்னார். ஊரைவிட்டுப் போவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தார்.

பேட்டி வெளியானதும் பலர் முகம் சுளித்தார்கள். இவ்வளவு செய்தோமே, நன்றி கெட்டவன் என்றார்கள். இத்தனைக்கும் அந்த ஆண்டுதான் மாணவர்கள் வாக்களித்து, மதிப்புக்குரிய ஆண் மாணவருக்கு அளிக்கும் பட்டத்தை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். பட்டம் வாங்கும்வரை நல்லவன், வாயைத் திறந்ததும் நன்றி கெட்டவன். ‘உங்களுக்கு எவ்வளவோ செய்தாச்சு, இன்னும் என்ன குறை’ என்ற குரலை நாம் ஒவ்வொரு மனுநீதி நாளிலும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

வாலஸ் நாஷ்விலைவிட்டுப் போனார். பொறியியல் பட்டத்தோடு நிற்காமல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். அமெரிக்க நீதித்துறையில் வழக்கறிஞராக வேலை செய்தார். பிறகு வாஷிங்டனில் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியரானார். டெட்ராய்ட்டுக்குத் திரும்பிய டில்லார்டும் வழக்கறிஞரானார். கைகோத்து நடுங்கிய இருவரும் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மறந்ததை எழுதிய மாணவர்

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாண்டர்பில்ட்டில் வாலஸின் பெயர் அதிகம் ஒலிக்கவில்லை. 1989இல்தான் அவர் வளாகத்துக்கு மரியாதையோடு அழைக்கப்பட்டார். அப்போது அங்கே படித்த ஆண்ட்ரூ மரானிஸ் என்ற வெள்ளையின மாணவர், கறுப்பின வரலாற்று வகுப்புக்காக வாலஸைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது அவரை விடவில்லை. 2014இல் ‘ஸ்ட்ராங் இன்சைட்’ என்ற பெரிய நூலாக வெளிவந்தது. அரங்கில் கைதட்டியவர்களின் பிள்ளைகள் அந்த நூலில்தான் தேவாலயக் கதையைப் படித்தார்கள். கதவருகே தனியே நின்ற கதையைப் படித்தார்கள். ரசிகரின் நினைவும் ஆடியவரின் நினைவும் அங்கேதான் சந்தித்தன.

ஜெர்சி மரியாதையை வாலஸ் மறுக்கவில்லை. வன்மமும் பாராட்டவில்லை. ஆனால் ஒன்றில் உறுதியாக இருந்தார். உண்மையைப் பேசாமல் கைகுலுக்குவது வெறும் நடிப்பு என்பது அவர் நிலை. தன் கல்லூரிக் கதையைச் சொல்லக் கூப்பிட்ட இடத்திலெல்லாம் டங்க்கையும் சொன்னார், தேவாலயத்தையும் சொன்னார். 2017 டிசம்பர் 1 அன்று, 69ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். 2020இல் வாண்டர்பில்ட் வளாகத்தையொட்டிய 25ஆவது அவென்யூவின் ஒரு பகுதிக்குப் ‘பெர்ரி வாலஸ் வழி’ என்று பெயர் வைத்தார்கள். அவருடைய ஜெர்சி எண்ணும் 25.

நம் பக்கத்து மைதானம்

இது அமெரிக்கக் கதை. ஆனால் இதற்கு நம் நாட்டில் அண்ணன் தம்பிகள் உண்டு. பல்வாங்கர் பாலூ என்ற ஒடுக்கப்பட்ட சாதிக் கிரிக்கெட் வீரர், நூறாண்டுகளுக்கு முன் இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவர். புனேயில் அவர் ஆடிய அணியில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தபோது, பாலூவுக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். பந்தை அவர் கையிலிருந்து வாங்கத் தீட்டு இல்லை. கோப்பையில்தான் தீட்டு.

பழைய கதை என்று தள்ள முடியாது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் கோல் அடித்த முதல் இந்தியப் பெண் வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் இந்தியா தோற்ற அன்று, ஹரித்வார் அருகே அவர் வீட்டு முன் சிலர் வெடி வெடித்துச் சாதி சொல்லி ஏசினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. ஜெயித்தால் நாட்டின் மகள், தோற்றால் சேரிப் பெண்.

நம் மாவட்டத்தில் பொங்கலுக்குப் பொங்கல் கபடிப் போட்டி நடக்கிறது. சேரி அணி கோப்பை வாங்கினால் ஊரே கைதட்டுகிறது. அந்தக் கைதட்டலை நாம் குறை சொல்லவில்லை. நம் பிள்ளைகள் அதற்குத் தகுதியானவர்கள். ஆனால் கைதட்டிய தோழர்களிடம் வாலஸின் கதையை வைத்து ஒரு கேள்வி கேட்போம். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளை எங்கே தண்ணீர் குடித்தான், எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போனான், மறுநாள் உங்கள் எதிரே வந்தபோது நீங்கள் அவனைப் பேர் சொல்லி விசாரித்தீர்களா?

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆடிய அண்ணன்களும் அக்காக்களும் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். ஒரு மாலை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை கோப்பை வாங்கினார்கள் என்பதோடு நிறுத்தாமல், யார் அவர்களுக்காகக் கதவருகே காத்திருந்தார்கள், யார் விட்டுவிட்டுப் போனார்கள் என்பதையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.